சீமைப் பர்கரும் சேலத்துத் தட்டுவடையும்

சேலத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது ஏற்காட்டுப் பஸ் எங்கே நிற்கும் என்பதைத்தான். மலைக்கு ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு என்பதைத் தவிர இந்த ஊருக்கு வேறு உபயோகம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இவ்வூரில் வெகு காலமாக உபாத்தியாயர் தொழில் செய்து வரும் நமக்கு இது ஒரு தீராத மனக்குறை. சென்ற சித்திரை மாதத்தில், சென்னையில் சட்டம் படிக்கும் நம் தமக்கையின் புதல்வன் விடுமுறைக்கு வந்து இறங்கினான். நம் மனக்குறை ஒரு பந்தயமாகவே மூண்டுவிட்டது.

"மாமா, இந்த ஊரில் நல்ல பர்கர் கிடைக்குமா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. கிடைக்கும் என்றோம். அதோடு விட்டிருக்கலாம். "அதைவிட நல்லதும் கிடைக்கும்" என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லிவிட்டோம்.

பையன் பிடித்துக்கொண்டான். பர்கர் ஒன்று, உருளைக்கிழங்கு வறுவல் ஒன்று, மில்க் ஷேக் ஒன்று. இந்த மூன்றுக்கும் ஈடாகச் சேலம், நாமக்கல் சமவெளியில் மூன்று பண்டங்களை நாம் காட்ட வேண்டும். காட்டினால் அவன் ஊர் திரும்பும் வரையில் பர்கர் என்ற பேச்சை எடுக்க மாட்டான். காட்டாவிட்டால் தினம் ஒரு பர்கர் நம் செலவு. நம் இல்லாள் நடுவராக நியமிக்கப்பட்டாள். நடுவர் எங்கும் வர வேண்டுமென்பதும், எல்லாவற்றையும் ருசி பார்க்க வேண்டுமென்பதும் அவளே சேர்த்த ஷரத்துகள்.

முதல் நாள் மாலை எதிராளியின் கோட்டைக்கே போனோம். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, வழவழப்பான மேஜைகள். நின்றுகொண்டே கட்டளையிட்டு, முன்பணம் கட்டி, எண் வரும் வரை காத்திருக்க வேண்டும். நம் பள்ளியில் பரீட்சை முடிவு ஒட்டும் நாளில் மாணவர்கள் எப்படி விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்களோ அப்படியே அங்கே எல்லோரும் ஒரு விளக்குப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பர்கர் என்பது ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரின் பெயரால் வழங்கி, அமெரிக்காவில் வளர்ந்து, உலகம் சுற்றிய பண்டம். நடுவே கொத்திய மாட்டிறைச்சி வைப்பதுதான் அதன் குலாசாரம். 1996-ஆம் வருஷம் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி டில்லியில் கடை திறந்தபோது, நம் தேசத்தில் அந்த ஆசாரம் செல்லாது என்று கண்டு அதைக் கைவிட்டது. பிறகு உருளைக்கிழங்கை மசித்து, மசாலா சேர்த்து, தட்டையாகத் தட்டிப் பொரித்து ரொட்டியின் நடுவே வைத்தார்கள். நம் இல்லாள் ஒரு கடி கடித்துவிட்டு, "இது போண்டாவைத் தட்டி உட்கார வைத்தது மாதிரி இருக்கிறது" என்றாள். ரொட்டி மிருதுவாகவே இருந்தது. வறுவல் சூடாக இருந்த வரையில் நன்றாகவும் இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து அது வேறு பதார்த்தம். இத்தகைய கடைகளுக்கு வரும் உறைந்த உருளைக்கிழங்கில் பெரும்பகுதி குஜராத்தில் தயாராகிறது. அங்கே நறுக்கி உறைய வைத்ததை இங்கே எண்ணெயில் போடுவதோடு சேலத்தின் கைங்கரியம் முடிந்தது. ஷேக் என்று வந்ததில் சர்க்கரையும் குளிர்ச்சியும் இருந்தன.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அங்கே கை கழுவத் தண்ணீர் இருந்தது. பெண்களுக்கென்று சுத்தமான கழிப்பிடம் இருந்தது. ஒரு கல்லூரிப் பெண் தனியாக வந்து ஒரு மணி நேரம் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "இதற்கு ஈடாக எதைக் காட்டப் போகிறீர்கள், மாமா?" என்று பையன் கேட்டான். நாம் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் நாமக்கல் பஸ்ஸில் ஏறினோம். சேலத்திலிருந்து நாமக்கல் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். மல்லூர் தாண்டியதும் இருபுறமும் மரவள்ளிச் செடிகள். விரித்த கைபோல் இலையும், முடிச்சு முடிச்சாகத் தண்டும். இங்கே ஜனங்கள் அதை மரவள்ளி என்பதைவிடக் குச்சிக்கிழங்கு என்றே சொல்லுவார்கள். குச்சியை வெட்டி நட்டால் முளைக்கிறதல்லவா? பெயருக்குக் காரணம் அவ்வளவுதான்.

ராசிபுரத்தில் இறங்கினோம். கடைவீதியில் ஒரு பெரிய இரும்புச் சட்டி. கடைக்காரர் தோல் சீவிய கிழங்கைச் சீவுபலகையில் வைத்து, கொதிக்கும் எண்ணெய்க்கு நேராகவே சீவினார். வட்ட வட்டமாக விழுந்தவை ஒரு கணம் மூழ்கி, சலசலவென்று மேலே வந்தன. உப்பும் மிளகாய்த் தூளும் தூவிக் காகிதத்தில் கொட்டினார். பையன் ஒன்றை வாயில் போட்டான். அதன் சத்தம் நமக்கே கேட்டது. பாதிப் பொட்டலம் தீர்ந்த பிறகுதான் அவனுடைய வக்கீல் புத்தி விழித்துக்கொண்டது.

"மாமா, உருளைக்கிழங்கை அந்நியம் என்கிறீர்களே, குச்சிக்கிழங்கு மட்டும் சுதேசியா? பிரேஸில் தேசத்துச் சரக்குதானே!"

உண்மைதான். இரண்டும் தென் அமெரிக்காவில் பிறந்தவை. மரவள்ளியைப் போர்ச்சுக்கீசியர் மலையாளக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைத் தம் பிரஜைகளிடையே பரப்பினார். இந்த மாவட்டத்தில் அது ஒரு தொழிலாக வேர் விட்டது இரண்டாவது உலக யுத்த காலத்தில். அதற்கு முன் ஜவ்வரிசி மலேயா, ஜாவா பக்கத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. யுத்தத்தில் கப்பல் நின்றது. பாயசத்துக்கும் கஞ்சிக்கும் ஜவ்வரிசி இல்லை. அப்போது சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் என்பவரோடு சேர்ந்து, 1943-ஆம் வருஷ வாக்கில் இங்கேயே மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். அந்த ஒரு முயற்சியிலிருந்து ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று ஆலைகள் பரவின. 1981-இல் உற்பத்தியாளர்கள் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆகவே கிழங்கு எங்கே பிறந்தது என்பதை நாம் விவாதிக்கவில்லை. அப்படிப் பார்த்தால் மிளகாயும் தக்காளியும்கூடக் கடல் கடந்து வந்தவையே. அவற்றை விலக்கினால் நம் வீட்டுச் சமையலறையில் மிளகும் புளியும்தான் மிஞ்சும். கிழங்கை யார் பயிரிடுகிறார், யார் சீவுகிறார், கொடுத்த காசு எந்த ஊரில் தங்குகிறது என்று கேட்டால் ராசிபுரத்துச் சட்டிக்குப் பதில் சொல்ல முடியும். பக்கத்து வயல், இந்தக் கை, இந்தத் தெரு. அதே சமயம், குச்சிக்கிழங்குக் குடியானவர் பாடு சுகம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். ஆலைகளில் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து 'பாயிண்டு' கணக்கில் விலை போடுகிறார்கள். பத்து மாதம் பயிர் வைத்தவர் அந்த எண்ணைக் கேட்கக் காத்திருக்கும்போது, நேற்று விளக்குப் பலகையைப் பார்த்து நின்றவர்களின் கவலையற்ற முகம் அவருக்கு இராது. மாவுப் பூச்சியும் தேமல் நோயும் வேறு.

ஊருக்கு வெளியே ஒரு ஆலையின் களத்தைச் சாலையிலிருந்தே பார்த்தோம். கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளிய வைத்து, படிந்த மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்து, வெயிலில் கொட்டியிருந்தார்கள். சித்திரை வெயிலில் அந்த வெண்மை கண்ணைக் கூசச் செய்தது. தலையில் துண்டு கட்டிய பெண்கள் பலகையால் அதைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள்.

நாமக்கல்லில் நமக்கு இரண்டு காரியங்கள் இருந்தன. முதலாவது ஆஞ்சநேயர். பதினெட்டு அடி உயரம்; தலைக்கு மேல் கூரை இல்லை; எதிரே நரசிம்ம ஸ்வாமியை நோக்கிக் கூப்பிய கை. அனுமன் ஜயந்தி அன்று அவருக்கு ஒரு லட்சத்து எட்டு வடைகளால் மாலை சாத்துகிறார்கள். உளுந்தும் மிளகும் சேர்த்துத் தட்டிய கெட்டி வடை அது. நாள் கடந்தாலும் கெடாது. பிரசாதமாகக் கிடைத்த ஒன்றைப் பையன் உடைத்துப் பார்த்து, "தட்டையாகத் தட்டிப் பொரிப்பதில் இந்தப் பக்கத்தார் தேர்ந்தவர்கள்" என்று ஒப்புக்கொண்டான். பந்தயத்துக்குரிய பதார்த்தம் இது அன்று; ஸ்வாமியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது முறையுமாகாது.

இரண்டாவது காரியம் முட்டை. முட்டை உண்ணாத நேயர்கள் அடுத்த பாராவுக்குப் போய்விடலாம். நாமக்கல் என்றால் இன்று தேசம் முழுவதும் முட்டைதான். 1982-இல் ஏற்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் விலை பத்திரிகைகளில் தங்கத்தின் விலைபோல் அச்சாகிறது. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவில், 1989-இல் கலைஞர் காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010-இல் வாரம் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. முட்டை போடும் நாளில் வகுப்பு நிறைந்துவிடுவதை ஒவ்வொரு உபாத்தியாயரும் அறிவர். பஸ் நிலையத்து அருகே மிளகுத்தூள் தூவிய அவித்த முட்டை சாப்பிட்டோம். ஊரின் பெயரே முட்டையில் எழுதியிருந்தும், அதைக் கொண்டு ஊருக்கே உரிய ஒரு சிற்றுண்டியை நாமக்கல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

சாயங்காலம் சேலம் திரும்பினோம். சின்னக்கடை வீதியில் மாம்பழ வாசனை ஆளைத் தூக்கியது. மில்க் ஷேக்குக்கு ஈடு காட்ட வேண்டுமே! பழக்கடையின் பக்கத்திலேயே பழரசம் அரைத்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். பெருமையாக, "மல்கோவா போட்டு மூன்று கிளாஸ்" என்றோம்.

பெரியவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். "மல்கோவாவையா அரைக்கச் சொல்றீங்க? பார்த்தால் படிச்சவங்களாட்டம் இருக்கீங்களே!" என்றார். மல்கோவாவை நறுக்கி, ஒவ்வொரு துண்டாக உண்ண வேண்டுமாம். பாலில் கரைத்தால் பாவமாம். அவர் செந்தூராப் பழத்தைத்தான் எடுத்தார். காய்ச்சி ஆறிய பால், கொஞ்சம் சர்க்கரை, இரண்டு துண்டு ஐஸ். கெட்டியாக வந்தது, மஞ்சளாக மீசை வைத்தது. பிறகு மல்கோவா ஒன்றைத் தாமே நறுக்கி மூவருக்கும் கொடுத்து, "இதற்குக் காசு வேண்டாம், தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்றார். பையன் கை நக்கிக்கொண்டிருந்தபடியால் உடனே ஆட்சேபம் எழுப்பவில்லை. நடுவர் அந்த இடத்திலேயே தீர்ப்பளித்துவிட்டாள்.

மிஞ்சியது பர்கர். அதற்காகவே அம்மாபேட்டைக்குப் போனோம்.

அம்மாபேட்டையும் குகையும் சேலத்து நெசவாளர்களின் பேட்டைகள். சேலம் வெண்பட்டு வேஷ்டிகளை நெய்த வீதிகள் இவை. அந்தி சாய்கிற நேரத்தில் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும், விளக்கு ஏற்றுவார்கள், கண்ணாடிப் பெட்டியில் தட்டுவடைகள் சக்கரம் சக்கரமாக அடுக்கியிருக்கும். அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்து, ஊறவைத்த கடலைப் பருப்பும் கறிவேப்பிலையும் இட்டு, உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிதாகத் தட்டிப் பொரித்தது. வேறு ஊர்களில் தட்டை என்று சொல்லி, டப்பாவில் வைத்து, தீபாவளிக்குப் பின் ஒரு மாதம் வரை தின்பார்கள். சேலத்தார் அதை 'செட்' ஆக்கினார்கள்.

செட் போடுவதைப் பார்ப்பதே ஒரு கச்சேரி. ஒரு தட்டுவடையை வைத்து, அதன்மேல் புதினா, கொத்தமல்லிப் பச்சைச் சட்னி ஒரு தடவல். துருவிய காரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம், கிடைக்கிற பருவமாகையால் மாங்காய்த் துருவல். காரமும் பூண்டும் சேர்ந்த சிவப்புச் சட்னி. மேலே இன்னொரு தட்டுவடையை மூடி. ஒரே வாயில் போட வேண்டும். தாமதித்தால் சட்னி ஊறித் தட்டுவடை தளர்ந்துவிடும். வேண்டுவோருக்கு அவித்த முட்டை வைத்த செட்டும் உண்டு. (நாமக்கல் செய்யாததைச் சேலம் செய்திருக்கிறது.) உடைந்த தட்டுவடைகளும் வீணாவதில்லை. அவற்றை முறுக்கோடு நொறுக்கி, சட்னியும் காய்த்துருவலும் கலந்து 'நொறுக்கல்' என்று கொடுப்பார்கள்.

பையன் முதல் செட்டை வாயில் போட்டான். கண்ணில் நீர் வந்தது. பேசாமல் தட்டை நீட்டினான். மூன்றாவது செட்டுக்குப் பிறகு, "இது பர்கர் இல்லை, மாமா" என்றான். "பர்கரில் நடுவில் இருப்பதுதான் விஷயம். இதில் மேலும் கீழும்தான் விஷயம்." நேற்றைய பில்லை நாம் பையிலிருந்து எடுத்து வண்டி விளக்கில் பார்த்தோம். அந்தத் தொகைக்கு இங்கே ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குச் செட் வாங்கிக் கொடுக்கலாம்.

வண்டிக்கார அம்மாள் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், என்னைத் தெரியலீங்களா?" என்றார். பல வருஷங்களுக்கு முன் நம் வகுப்பில் எட்டாவது படித்த பெண். கணவர் கைத்தறி நெய்தவர். வேலை குறைந்துபோய்த் தறியைப் பிரித்து வைத்துவிட்டார்கள். "தட்டுவடை நான் சுடறதில்லீங்க சார். எங்க வீதியில நாலு வீட்டுல சுடறாங்க. எல்லாம் தறி நின்ன வீடுதான். இந்த ஒரு வண்டி, அந்த நாலு அடுப்பு" என்றார்.

1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் மதுவிலக்கைச் சோதித்துப் பார்க்க ராஜாஜி தேர்ந்தெடுத்தது சேலம் ஜில்லாவைத்தான். தறியை விட்டு இறங்கியவன் கையிலுள்ள காசு வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கவலை. அந்தச் சட்டம் பின்னாளில் என்ன ஆயிற்று என்பதை இங்கே எழுதினால் பசி போய்விடும். ஆனால் அன்று மாலை அந்த வண்டியில் விழுந்த காசு நாலு வீடுகளுக்குப் போயிற்று என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த அம்மாளுக்கு வேறு கவலை இருந்தது. சாலையை அகலப்படுத்தப் போவதாகவும், வண்டியை எடுத்துவிட வேண்டுமென்றும் யாரோ வந்து வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடிதம் ஏதும் இல்லை. எங்கே போவது என்றும் சொல்லவில்லை. "பத்து நாளா தூக்கம் இல்லீங்க சார்."

பையன் தட்டைக் கீழே வைத்தான். பந்தயமெல்லாம் அவன் முகத்திலிருந்து போய்விட்டது. 2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரையில் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாதாம். இடம் மாற்றுவதானாலும் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். "உங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்களா, அக்கா? அட்டை கொடுத்தார்களா?" என்று கேட்டான். கணக்கெடுக்க ஒருமுறை வந்தார்களாம், அட்டை வரவில்லை. "அப்படியானால் முதலில் ஒரு மனு" என்றான்.

நம் பையில் எப்போதும் வெள்ளைத் தாள் இருக்கும். வண்டி ஓரத்திலேயே வைத்து எழுதினான். சட்டப் பிரிவுகளை அவன் சொல்ல, 'மேன்மைதங்கிய' என்பதற்கும் 'பணிவுடன்' என்பதற்கும் நடுவே வர வேண்டியவற்றை நாம் திருத்தினோம். நாலு வீட்டு அடுப்பையும் சேர்த்து எழுதச் சொன்னவள் நம் இல்லாள். இதற்கிடையில் ஜனங்கள் வந்து செட் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மாள் கை ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. அவர் கை துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடக் குனிந்தபோது, கரண்டியிலிருந்து ஒரு சொட்டுச் சிவப்புச் சட்னி தாளின் ஓரத்தில் விழுந்தது.

"அடடா! வேறு தாளில் எழுதித் தருகிறேன், அக்கா" என்று பையன் தாளை இழுத்தான்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் அவர். "என்ன தொழில்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

ஆனாலும் அவன் கேட்கவில்லை. நொறுக்கல் ஒரு தட்டு வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாவது பிரதியை எழுத உட்கார்ந்தான்.